சிறிய வெட்டு என்றால் சீக்கிரம் நடக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, நீரிழிவும் உண்டு. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதால் மாற்றவேண்டும் என்கிறார்கள். சிறிய வெட்டுடன் செய்தால் சீக்கிரம் நடக்கலாம் என்று கேள்விப்பட்டோம். அப்படியே செய்யச் சொல்லலாமா? வீடு இரண்டாம் மாடியில், லிப்ட் இல்லை.
– ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: வழக்கமான சத்திரசிகிச்சையில் வெட்டு 15 சென்ரிமீற்றரைத் தாண்டும். சிறிய முறையில் 10 அளவில் முடியும். உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு இரண்டுக்கும் ஒன்றுதான். சிறிய வெட்டைத் தொடையின் முன்பக்கமாகப் போட்டுச் செய்யும்போது தசைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகலாம். அதனால் முதல் சில கிழமைகள் வலி குறைவாக இருக்கும், நடையும் கொஞ்சம் முந்தி வரும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முன்பக்க முறையில் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவதும் உண்டு. பழகாத கையென்றால் தொடை என்பு வெடிக்கவும் கூடும்.

அதனால் வெட்டின் நீளத்தை விடுங்கள். "நீங்கள் வழமையாக எந்த முறையில் செய்கிறீர்கள், வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்டதற்குக் கோபிப்பவர் என்றால் இன்னொருவரையும் பார்ப்பது நல்லது.

எனக்கு அதைவிடப் பெரிய யோசனை அம்மாவின் சீனிதான். எச்பிஏ1சி (கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8 சதவீதத்துக்கு மேல் என்றால் கிருமித் தொற்றுக்குப் பயந்து பெரும்பாலும் தள்ளிப்போடுவோம். பல்லில் சீழ், காலில் ஆறாத புண் இருந்தாலும் முதலில் அதற்கு வைத்தியம்.

சரி, மாடிப்படி. ஒபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ வோக்கருடன் எழுப்பி நடக்கவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் பிசியோதெரபியில் படியும் பழக்குவார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒபரேஷன் செய்த கால் முதலில். ஆக, இரண்டு மாடி ஏறலாம். அப்புறம் கிளினிக் நாட்களில் மட்டும் இறங்கினால் போதும்.

எனக்குப் பயம் தரையும் பதிந்த இருக்கைகளும்தான். குந்தும் மலசலகூடம் என்றால் கொமட் வேண்டும், அதிலும் இருக்கையை உயர்த்தவேண்டும். துருவுபலகையில் இருந்து தேங்காய் துருவுவது, கால்மேல் கால் போடுவது, குனிந்து செருப்பு எடுப்பது எதுவும் வேண்டாம். இடுப்பின் பின்பக்கமாக வெட்டிச் செய்திருந்தால் 6 முதல் 12 கிழமை வரை இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது, மூட்டு விலகிவிடக்கூடும்.

இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து பெரும்பாலும் ஒரு மாதம் வரை தொடரும். நன்றாக நடக்கிறாரே என்று இடையில் நிறுத்திவிடாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ அன்றே காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.