தீயோடு வளரும் பைன் காடு: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

காட்டைக் காக்க வேண்டியவர்களே அதற்குத் தீ வைக்கலாமா?

தீயோடு வளர்ந்த காட்டில் திட்டமிட்டு வைக்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரந்திருந்த லாங்லீஃப் பைன் காடு, மரவெட்டாலும் வேளாண்மையாலும், பின்னர் தீயை அறவே அண்டவிடாமல் தடுத்ததாலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. மின்னலும் பழங்குடி மக்களும் மூட்டிய தீ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடி, அகன்ற இலை மரங்கள் மண்டாமல் பார்த்துக்கொண்டது. இந்தப் பைனின் நாற்று முதல் சில ஆண்டுகள் உயராமல், புல் கொத்துப் போல அமர்ந்து வேரை ஆழப் பாய்ச்சும். தீ ஓடி முடிந்த பிறகு கருகிய ஊசியிலைகளை விரலால் விலக்கிப் பாருங்கள். நடுவே வெள்ளை நுனி மொட்டு உயிரோடு இருக்கும்.

நாற்பது ஆண்டுகள் தீ படாத காட்டில் உடனே எரிப்பைத் தொடங்கலாமா?

கூடாது. அங்கே ஒவ்வொரு முதிர்ந்த மரத்தின் அடியிலும் மக்கிய சருகு மெத்தையாகச் சேர்ந்திருக்கும். மரத்தின் நுண்வேர்களும் அதற்குள்ளேயே படர்ந்திருக்கும். அந்த மெத்தை காய்ந்த நிலையில் தீப்பற்றினால், சுடர் கடந்து போன பின்னும் மணிக்கணக்கில் கனன்று, வேரையும் அடிப்பட்டையையும் வேகவைத்துவிடும். கிளைகளில் தீக்காயமே தெரியாத பெருமரம் ஓரிரு ஆண்டுகளில் பட்டுப்போவது இதனால்தான். மேல்சருகு உலர்ந்தும் அடிச்சருகு ஈரமாகவும் இருக்கும் நாளில் எரித்து, மெத்தையைப் பல தவணைகளில் மெல்லக் கரைக்க வேண்டும். எவ்வளவு ஈரம் போதும் என்பதே நல்லதோர் ஆய்வுக்கான கேள்வி.

நீலகிரியின் பைன் தோப்புகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. அவை சோலைப் புல்வெளிகளில் நடப்பட்ட அயல் மரங்கள். அங்கே மீட்க வேண்டியது புல்வெளியே.

மேட்டுப்பாளையத்தில் வனவியல் இளங்கலை முடித்திருக்கிறேன். முதுகலைக்கு எப்படித் தயாராவது?

புள்ளியியலையும் புல்வகைகளை இனங்காணும் பயிற்சியையும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே, நிதியுள்ள திட்டம் வைத்திருக்கும் பேராசிரியருக்கு உங்கள் ஆய்வுக் கேள்வியைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்புக்குள் ஒரு காட்டின் மாற்றத்தைப் பார்த்துவிட முடியாது என்பதால், அமெரிக்காவின் புளோரிடாவில் 1958-இல் தொடங்கிய டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் பல பத்தாண்டுகளாக எரித்துவரும் நிலத்துண்டுகளோடு இணையும் திட்டத்தைத் தேடுவதே என் பரிந்துரை. உடலையும் தயார்ப்படுத்துங்கள்: அங்கே காட்டைத் திட்டமிட்டு எரிக்கும் தீக்குழுவில் சேர, 45 பவுண்டு சுமையோடு 3 மைலை 45 நிமிடத்துக்குள் நடக்கும் தேர்வு பொதுவாக இருக்கும்.