வெளிநாட்டுப் பணத்தில் பத்திரிகை நடத்தலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் சங்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாக ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறோம். அச்சுச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று மூன்று வருடம் பணம் தருவதாகச் சொல்கிறது. வாங்கினால் அவர்கள் சொன்னபடி எழுத வேண்டிவரும் என்று சிலர் தடுக்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: வாங்குங்கள் தம்பி. எனக்கு இருக்கிற பயம் வேறு.

1980-களில் டர்பனில் அப்படி ஒரு பத்திரிகையில் வேலை செய்தவன் நான். நிறவெறி அரசை எதிர்த்து எழுதினால் பெரிய கம்பெனிகள் விளம்பரம் தராது. ஐரோப்பிய நாடுகளும் திருச்சபைகளும் அனுப்பிய பணத்தில்தான் காகிதம் வாங்கினோம், வக்கீலுக்குக் கொடுத்தோம். இதை எழுது, அதை எழுதாதே என்று அங்கிருந்து எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை. வாயை அடைத்தவர்கள் இங்கேதான் இருந்தார்கள். எங்களைப் போலவே அரசை எதிர்த்து எழுதிய 'நியூ நேஷன்' பத்திரிகையின் ஆசிரியர் ஸ்வெலாக்கே சிசுலுவை 1986 டிசம்பரில் பிடித்துப்போய், விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய இரண்டு வருடம் உள்ளே வைத்தார்கள்.

நாங்கள் கோட்டைவிட்டது சந்தா நோட்டில். பணம்தான் வருகிறதே என்று வாசகரிடம் கேட்பதையே விட்டுவிட்டோம். வியாழக்கிழமை கடை கடையாகக் கட்டுகளைப் போட்டுவிட்டு வருவோம். எத்தனை விற்றது என்று கேட்க யாரும் திரும்பிப் போகமாட்டோம். 1994-இல் எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் வந்தது. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். அப்புறம் உதவிப் பணம் புது அரசின் பக்கம் போய்விட்டது. எங்கள் பத்திரிகை அடுத்த வருடமே நின்றது. 'நியூ நேஷன்' 1997 வரை தாங்கியது. நாங்கள் நின்றதை எத்தனை வாசகர் கவனித்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இன்றும் மனசு வலிக்கிறது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், அந்தப் பணத்தை நம்பி, நாட்டைவிட்டு வெளியேறித் தாய்லாந்திலிருந்து எழுதும் பர்மியப் பத்திரிகையாளர்கள் தவித்தார்கள். அவர்களால் சொந்த நாட்டுக்குள் போய்ச் சந்தா கேட்க முடியாது. உங்களால் முடியும்.

செய்தியில் தலையிட மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தருபவர் பெயரையும் தொகையையும் பத்திரிகையிலேயே போடுங்கள். அந்தப் பணத்தைக் கணினி, கேமரா என்று ஒரு தடவை வாங்குகிற சாமான்களுக்குச் செலவழியுங்கள். அச்சுக்கூலி சந்தாவிலிருந்து வரட்டும். தைப்பூசக் காவடி அன்று கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். ஐந்து ராண்ட் கொடுத்தாலும் பெயர் எழுதி ரசீது கொடுங்கள். மூன்றாம் வருடம் அச்சுக்கூலியில் பாதியாவது சந்தா நோட்டிலிருந்து வரவில்லை என்றால், பக்கங்களைக் குறையுங்கள். உதவியை நீட்டச் சொல்லிக் கடிதம் எழுதாதீர்கள்.