ஒரு பட்டன் அழுத்தம் மட்டும் தொலைவது ஏன்

பத்து அழுத்தத்தில் ஒன்று தொலைகிறது, அடுத்த அழுத்தத்தில்தான் சிப் எழுகிறது என்கிறீர்கள். பட்டனில் கோளாறு இல்லை, வேறு வேலை இல்லாதபோது ஓடும் உங்கள் ஐடில் டாஸ்க்கில்தான் ஓட்டை. பட்டன் அழுத்தப்பட்டதா என்று குறிக்கும் கொடியைப் பார்க்கிறீர்கள், பூஜ்யம், உடனே டபிள்யூ.எஃப்.ஐ, அதாவது சிப்பைத் தூங்கவைக்கும் கட்டளை. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் பட்டனின் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்தால் அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஓடி, கொடியை ஏற்றிவிட்டுத் திரும்பிவிடும், அப்புறம் சிப் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும், அடுத்த அழுத்தம் வரை எழுப்ப எதுவும் மிச்சமில்லை.

கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்களில் இதற்கு அழகான வழி உண்டு. முதலில் இன்டரப்ட்களை மூடும் பிரைமாஸ்க் ரெஜிஸ்டரை 1 ஆக்குங்கள், பிறகு கொடியைப் பாருங்கள், பூஜ்யமாக இருந்தால் டி.எஸ்.பி (நிலுவையிலுள்ள நினைவக வேலைகள் முடியக் காத்திருக்கும் கட்டளை), டபிள்யூ.எஃப்.ஐ, கடைசியில் பிரைமாஸ்க்கை 0 ஆக்குங்கள். இன்டரப்டை மூடிவிட்டுத் தூங்கினால் எப்படி எழும் என்று தோன்றும். நிலுவையில் உள்ள இன்டரப்டே டபிள்யூ.எஃப்.ஐ-யை எழுப்பிவிடும், பிரைமாஸ்க் தடுப்பது ஹேண்ட்லர் ஓடுவதை மட்டும்தான்.

ஆனால் குறிப்பிட்ட முன்னுரிமைக்குக் கீழுள்ள இன்டரப்ட்களை மட்டும் மறைக்கும் பேஸ்ப்ரை ரெஜிஸ்டரால் மூடாதீர்கள், அது மறைத்த இன்டரப்ட் சிப்பை எழுப்பாது. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளத்தின் கார்டெக்ஸ்-எம்4 வடிவத்தில் கிரிட்டிக்கல் செக்ஷன் (இடையூறு வரக்கூடாத பகுதி) பேஸ்ப்ரையைத்தான் தொடுகிறது, அதனால் அதற்குள் தூங்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

எழுந்ததும் சீரியலில் குப்பை எழுத்து வருவதாகச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். எஸ்டிஎம்32எஃப்4 சிப் ஸ்டாப் என்ற ஆழ்ந்த தூக்க நிலையிலிருந்து 16 மெகாஹெர்ட்ஸ் உள் ஆஸிலேட்டரில்தான் எழும், அதனால் சீரியலின் வேகம் பிசகிவிடும். பிரைமாஸ்க் இன்னும் 1 ஆக இருக்கும்போதே கிளாக் வேகத்தைப் பெருக்கும் பிஎல்எல்-ஐத் திரும்ப ஓட்டிவிடுங்கள், ஹேண்ட்லர் சரியான கிளாக்கில் ஓடும்.