சிவப்புப் பொத்தானும் நாற்பது ரூபாயும்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பிளஸ் ஒன், கணினி அறிவியல் பிரிவு. பள்ளி விட்டு வந்ததும் மாடி அறைக்குப் போய் அக்கம்பக்கத்து மிக்சி, ஃபேன் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். கேட்டால் யூடியூப் பார்த்து நானாகவே கற்றுக்கொள்கிறேன் என்கிறான். காலாண்டில் இயற்பியலில் 70க்கு 38. “இவன் உருப்படுவானா?” என்று முடித்திருக்கிறீர்கள். சாட்சிக்கு அவனுடைய நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். ஓரத்தில் தலையணை உறை தெரிகிறது. அவனுக்குத் தெரியாமல் எடுத்ததுதானே? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் குற்றப்பத்திரிகையாக அனுப்பிய பக்கம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவன் எழுதியிருப்பதை அப்படியே இங்கே தருகிறேன்:

“மாடி வீட்டு அத்தை மிக்சி. ஓடவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். பிரித்துப் புதிது போட்டேன். 40 ரூபாய். அப்போதும் ஓடவில்லை. பிறகுதான் பார்த்தேன், அடியில் சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருந்தது. அமுக்கியதும் ஓடியது. பழைய பிரஷ் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இனி முதலில் வெளியே பார்க்க வேண்டும்.”

கார்பன் பிரஷ் என்பது மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகிற சின்னக் கரித்துண்டு. சிவப்புப் பொத்தான் வேறு. மிக்சியில் அளவுக்கு மீறி மாவைப் போட்டு அரைத்தால், மோட்டார் புகைந்துவிடாமல் இருக்க அந்தப் பொத்தான் தானாகத் துள்ளி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கடைக்காரர்கள் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். உங்கள் மகனுக்கு அது தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை. ஆனால் தன்னுடைய முட்டாள்தனத்துக்கு நாற்பது ரூபாய் என்று விலை போட்டு, அது எங்கே நடந்தது என்று பார்த்து, அடுத்த முறைக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள், இதை எந்த யூடியூப் வீடியோவும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளிடம் “எங்கே தப்பாக நினைத்தாய்?” என்று கேட்டால் பெரும்பாலும் “சில்லி மிஸ்டேக் சார்” என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். இவன் அதைத் தாண்டி வந்துவிட்டான்.

இரண்டாவது பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றியதாம், 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சரை மாற்றியதும் வேகம் வந்துவிட்டதாம். கீழே, “ஏன் வந்தது என்று தெரியவில்லை” என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறான். வேலை முடிந்துவிட்டது, ஃபேன் சுற்றுகிறது, அத்தை காபியும் கொடுத்திருப்பார். ஆனாலும் தனக்குப் புரியவில்லை என்பது அவனை உறுத்துகிறது. அந்தக் கண்டன்சர்தான் அடுத்த ஆண்டு அவன் படிக்கப்போகிற பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் மின்தேக்கி என்ற பெயரில் முதல் அலகிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்காவது அலகில் மாறுதிசை மின்னோட்டம் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவன் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம். இயற்பியல் ஆசிரியரிடம் அவனே போய்க் கேட்கட்டும்.

சரி, 38க்கு என்ன பதில்? மதிப்பெண் முக்கியமில்லை என்று சொல்லும் ஆலோசகர்களை எனக்குப் பிடிக்காது. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப் போடுகிறார்கள். அங்கே மிக்சிக்கு இடமில்லை. தானாகக் கற்கிற பிள்ளை என்றதும் எல்லோரும் ராமானுஜனை இழுத்து வருகிறார்கள். அந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்விலும் (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலக் கல்லூரித் தேர்வு) தவறினார். அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆகவே மற்றப் பாடங்கள் மூழ்காமல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மிக்சியை ஒளித்து வைத்தால் 38 கூடிவிடாது. அந்தக் காலாண்டு விடைத்தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன 32 மதிப்பெண்ணும் எங்கே போயின? எந்தக் கணக்கில் கேள்வியை முழுக்கப் படிக்காமல் சூத்திரத்தைப் போட்டான்? எது உண்மையிலேயே தெரியாதது? எது நேரம் போதாமல் விட்டது? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது: பாதியாவது சிவப்புப் பொத்தான் வகையாகத்தான் இருக்கும். வெளியே பார்க்காமல் உள்ளே பிரித்த வகை. மிக்சியில் செய்ததைத்தான் தேர்விலும் செய்திருக்கிறோம் என்று அவன் கண்ணில் படுகிற நாள் ஒன்று வரும். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது உங்கள் அறிவுரையாகிவிடும், அவனுடைய கண்டுபிடிப்பாக இருக்காது. தெரிந்தும் சும்மா இருப்பது கஷ்டம்தான். எனக்கும் வீட்டில் ஒன்று வளர்கிறது.

எப்போது பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் “ஒன்றுமில்லை” என்ற ஒரே சொல்தான் வரும். இந்த வயதில் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது அவர்களுக்கு விசாரணை மாதிரி. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, இருவரும் துணி மடிக்கும்போதோ ஒரு கேள்வி போதும்: “ஆடி மாதம் உனக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிவது எது?” பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தானாக வரும். ஒன்றை மட்டும் தவிருங்கள்: சித்தப்பா மகனின் மதிப்பெண். தன்னையே மூன்று மாதத்துக்கு முந்தைய தன்னோடு ஒப்பிடத் தொடங்கியிருக்கிற பையனை அது பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

காலமும் கொஞ்சம் சாதகமாக இருக்கிறது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பல பள்ளிகள் அந்த இடத்தில் பிளஸ் டூ பாடத்தைத் திணிக்கின்றன என்பது வேறு கதை. வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமை மதியமும் அவனுடைய பட்டறைக்கு, மற்றவை பாடத்துக்கு என்று அவனே அட்டவணை போடட்டும்.

மேற்படிப்பைப் பற்றி இப்போதே கலங்க வேண்டாம். மின், மின்னணுப் பொறியியல் ஒரு வழி. கட்-ஆஃப் எட்டாவிட்டால் பிளஸ் டூ முடித்துப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்து, டிப்ளமா முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம்; இதைத் தாழ்வாகப் பார்க்கிறவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். சென்னை ஐஐடி இணையவழியில் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். பட்டம் நடத்துகிறது, ஜேஇஇ என்ற ஐஐடி நுழைவுத்தேர்வு வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தானாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் அதில் நடுவழியில் திணறுவார்கள். முன்னோட்டம் பார்க்க வேண்டுமானால், ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் நான்கு வாரப் பாடம் ஒன்றை எடுக்கட்டும். கற்பதற்குக் கட்டணமில்லை. வாராவாரம் ஒப்படைப்பு உண்டு. நான்காவது வாரம்வரை தாக்குப்பிடிக்கிறானா என்று அவனே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிளக்கைப் பிடுங்காமல் எதையும் திறக்கக்கூடாது. பிடுங்கிய பிறகும் ஃபேன் கண்டன்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம், வெறுங்கையால் தொடக்கூடாது. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். பிறந்தநாளுக்குச் சட்டைக்குப் பதிலாக மின்னழுத்தம், மின்னோட்டம் அளக்கிற நல்ல மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இனி அந்த நோட்டு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். இனிமேல் தொடாதீர்கள். நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரிந்த மறுநாளே 40 ரூபாய் வீணானதைச் சொல்லும் வரி அதில் வராது. நீங்கள் பார்த்து மகிழ்வதற்கென்று எழுதத் தொடங்கிவிடுவான். என்னைப் பார்க்க வரும்போது அவனாகக் கொண்டுவந்தால் கொண்டுவரட்டும். நான் ஏற்கெனவே இரண்டு பக்கம் படித்துவிட்டேன் என்பதை எப்படி மறைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.