வீட்டுக்கு வெளியே நிரந்தர விளக்கு: ஒரே வேலைக்கு ஏன் இரண்டு விலை?

கேள்வி: வீட்டைச் சுற்றி நிரந்தரமாக விளக்கு போட இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார் மற்றவர். எது நியாயம்?

இரண்டு கொட்டேஷனிலும் எத்தனை விளக்கு என்பதுதான் கண்ணில் படும்படி எழுதியிருக்கும். அதை விடுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள், பணம் போவது அங்கேதான். பூச்சு முடிந்த சுவரை வெட்டிப் பைப்பைப் புதைத்தால் கட்டிங், பூச்சு, பெயின்ட் மூன்றும் கணக்கில் ஏறும். சுவர்மேலேயே கிளாம்ப் அடித்து ஓட்டினால் கூலி நன்றாகக் குறையும், ஆனால் பைப் வெயில் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். கல் பதித்த நடைபாதையைத் தாண்டினால் கல்லைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கும் கூலி தனி. மாடி உயரத்துக்குச் சாரம் கட்டினால், அங்கே இரண்டு விளக்கு போட்டாலும் இருபது போட்டாலும் சாரச் செலவு ஒன்றுதான். மேலே உள்ள வேலையை ஒரே தடவையில் முடியுங்கள்.

அடுத்தது ஒயரின் தடிமன். 60 வாட் விளக்கு வரிசை 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் போக வர 60 மீட்டருக்கு ஏறக்குறைய 3.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். கடைசி விளக்கு மங்கும். அதே ஒயரில் 24 வோல்ட் விளக்கு வரிசையை ஓட்டினால் இழப்பு 1.8 வோல்ட்தான், விழுக்காட்டில் பார்த்தால் நான்கில் ஒரு பங்கு. (மெயின் சப்ளையிலேயே எரியும் விளக்குக்கு இது பொருந்தாது. மெயின் கரண்டைக் குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் டிரைவர் வைத்த விளக்கைத்தான் சொல்கிறேன்.) டிரைவரை 80 விழுக்காட்டுக்கு மேல் சுமக்க விடக்கூடாது. 60 வாட்டுக்கு 75 வாட் டிரைவராவது வேண்டும்.

விலையைக் குறைப்பவர்கள் கை வைப்பது ஜாயின்ட்டில். வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட்டுக்குள் ஈரம் ஏறி, செம்பு பச்சை பூத்து, ஒரு மழைக்காலத்திலேயே விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஜெல் நிரப்பிய கனெக்டர், ஒயர் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போட்ட, தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 தர ஜங்ஷன் பாக்ஸ், ஒயர் பாக்ஸுக்குள் கீழ்ப்பக்கமாக நுழைவது, நுழையுமுன் தண்ணீர் சொட்டி விழ ஒரு தொய்வு. இவ்வளவும் வேண்டும். தரைமட்ட விளக்குக்கு ஐபி67, அதாவது சிறிது நேரம் தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் தரம்.

இன்னொரு ஆதங்கம்: எல்இடியைக் கழற்றவே முடியாதபடி ஒட்டி விற்கிறார்கள். ஒரு சிப் போனால் முழு விளக்கையும் தூக்கி எறிய வேண்டியதுதான். அதே மாடல் அப்போது கிடைக்காது, வேறு வாங்கினால் வெளிச்சத்தின் நிறம் ஒத்துப்போகாது. பல்பு மாற்றக்கூடியது வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இருவரிடமும் ஒயர் அளவு, ஜாயின்ட் வகை, டிரைவர் வாட், மின்கசிவு ஏற்பட்டால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உண்டா என்பதை எழுதி வாங்கிவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.