கோலி இருக்க கம்மின்ஸ் ஏன்?

அன்புள்ள அண்ணனுக்கு,

திங்கள்நகர் பக்கம் எங்கள் கலை விளையாட்டு மன்றத்தில் வருடாவருடம் சிறந்த கிரிக்கெட் வீரர் கோப்பை கொடுக்கிறோம். போன தடவை அடிதடி நடக்காத குறைதான். “ஐசிசி மட்டும் ஒழுங்கா? 2023 உலகக் கோப்பையில் கோலி 765 ரன் அடித்தும் கம்மின்ஸுக்குத்தானே வருட விருதைக் கொடுத்தான்” என்று ஒரு பேச்சு. உலகக் கிரிக்கெட்டை நடத்தும் அந்த ஐசிசிக்காரர்கள் எப்படித்தான் தேர்வு செய்கிறார்கள்? நாங்கள் அதைப் பின்பற்றலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோலிக்கு ஒன்றும் கிடைக்காமல் போகவில்லை. 2023-இன் சிறந்த ஒருநாள் வீரர் அவர்தான். கம்மின்ஸ் வாங்கியது சோபர்ஸ் கோப்பை, அதாவது வருடத்தின் ஒட்டுமொத்தச் சிறந்த வீரருக்கானது. அதற்கு டெஸ்ட், ஒருநாள், டி20 என எல்லா வடிவ ஆட்டங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த வருடம் டெஸ்ட் சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை இரண்டையும் ஜெயித்த ஆஸ்திரேலியக் கேப்டன் அவர். இங்கிலாந்துக்கு எதிரான எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் 281 ரன்னைத் துரத்தி எட்டு விக்கெட் போன பிறகு, பந்துவீச்சாளர் லயனை வைத்துக்கொண்டு ஆட்டமிழக்காமல் 44 அடித்து முடித்தார். என்னைக் கேட்டால் சரியான தேர்வு. தரவரிசையைக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள், விருதை ஓட்டுப் போட்டு எடுக்கிறார்கள். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

மீதிச் சண்டை தேதியால் வருகிறது. 2016-இல் அஸ்வின் சோபர்ஸ் கோப்பை வாங்கினார். கணக்கில் எடுத்த காலம் 2015 செப்டம்பர் 14 முதல் 2016 செப்டம்பர் 20 வரை. அதற்குள் 8 டெஸ்டில் 48 விக்கெட். அறிவிப்பு வந்ததோ டிசம்பரில். நடுவே நியூசிலாந்துக்கு எதிராக 27, இங்கிலாந்துக்கு எதிராக 28 விக்கெட் எடுத்திருந்தார். ஒன்றுகூட அந்த விருதுக் கணக்கில் இல்லை. ஜனங்கள் அதற்குத்தான் விருது என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிற்பாடுதான் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று ஆக்கினார்கள்.

நீங்கள் அதை அப்படியே எடுக்காதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். கிறிஸ்துமஸ் சமயம் தொடங்கி மே வரைதான் டோர்னமெண்ட் காலம். டிசம்பர் 31-இல் கோடு போட்டால் ஒரே சீசன் இரண்டாக வெட்டுப்படும். ஜூன் 1 முதல் மே 31 வரை வையுங்கள். மன்றம் ஆடிய மேட்சுகளில் பாதியாவது ஆடியிருந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும் என்றும் வையுங்கள்.

கவனமாக இருக்கவேண்டிய இடம் அந்தப் பட்டியல்தான். 2012-இல் பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சயீத் அஜ்மல் சிறந்த டெஸ்ட் வீரருக்கான இறுதிப் பட்டியலில் இல்லை. பாகிஸ்தான் வாரியம் எதிர்ப்புத் தெரிவித்தது, ஐசிசி மாற்றவில்லை. ஓட்டு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பெயரே இல்லாதவனுக்கு யார் போடுவது? ஆகவே தகுதி உள்ள எல்லாப் பெயரும் வரட்டும், நாலு பேர் உட்கார்ந்து கழிக்க வேண்டாம்.

ஆறு ஓவர் டென்னிஸ் பந்து மேட்சில் ரன் கூட்டலை மட்டும் நம்பினால் ஓப்பனருக்குத்தான் கோப்பை. ஐந்தாவதாக இறங்குபவனுக்கு நாலு பந்து கிடைத்தால் பெரிது. ஸ்கோர் நோட்டில் சந்தித்த பந்து, எத்தனையாவது ஓவர் போட்டான் என்ற இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். கடைசி ஓவரில் 8 ரன் கொடுத்தவன், முதல் ஓவரில் 5 கொடுத்தவனைவிடப் பெரிய வேலை செய்தவன். (முட்டம், குளச்சல் பக்கம் கடல் காற்றை எதிர்த்துப் போடுபவனுக்குத் தனிக் கோப்பையே கொடுக்கலாம், அது வேறு விஷயம்.)

சீசன் முடிந்து ஓட்டு எடுத்தால் ஃபைனலில் அடித்தவன் முகம்தான் நினைவில் நிற்கும். அதனால் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும், கிட் கட்டுவதற்கு முன்பே, இரண்டு அம்பயரும் ஸ்கோரரும் தனித்தனிச் சீட்டில் 3, 2, 1 என்று மூன்று பேருக்குப் புள்ளி எழுதி உறையில் ஒட்டிவிடட்டும். அண்ணன் தம்பி, மச்சானுக்குப் புள்ளி போடக்கூடாது. உறைகளை மே 31-க்குப் பிறகு எல்லோர் முன்னிலையிலும் பிரியுங்கள். ஊர்க்காரர் ஓட்டும் வேண்டுமென்றால் சிறிய பங்கு போதும். ஐசிசியின் மாத விருது 2021-இல் தொடங்கியபோது ரசிகர்களுக்குக் கொடுத்தது 100-க்கு 10தான், மீதி 90 வல்லுநர் குழுவுக்கு.

சமநிலை வந்தால்? 2005-இல் காலிஸும் ஃபிளின்டாஃபும் சோபர்ஸ் கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். உங்கள் ஊரில் அது நடக்காது. அதிகத் தடவை 3 புள்ளி வாங்கியவனுக்கே கோப்பை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, சீசன் தொடங்குமுன் ஆட்டக்காரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.