ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம்: டாக்டருக்குப் படிக்கலாமா?

கேள்வி: பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். உயிரியலில் எப்போதும் வகுப்பில் நான்தான் முதல். டாக்டர் படிப்புதான் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். அப்பாவுக்கே அந்த ஆசை இருந்து நடக்காமல் போனதாம். சேவை செய்யும் தொழில் என்பதால் எனக்கும் விருப்பம்தான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றி விழுந்துவிடுகிறேன். பரிசோதனைக்காக ஊசி குத்தியபோதும் அப்படித்தான். நான் டாக்டருக்குப் படிக்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொன்னால் போதும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒரே வார்த்தைதான் வேண்டுமென்றால் காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாமே, எனக்கு எதற்குக் கடிதம்?

சரி, மயக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். அது சின்ன விஷயம். மற்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நிலையில் பொதுவாக யாரும் மயங்கி விழுவதில்லை. ரத்தமும் ஊசியும் கிளப்பும் பயம் மட்டும் விசித்திரமானது. அழுத்தம் சற்று ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கும், நாடியும் தளரும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் ஆள் சாய்ந்துவிடுவார். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10, 15 விநாடி இறுக்கிப் பிடித்து, முகத்தில் சூடு பரவியதும் தளர்த்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி இறுக்கினால் அழுத்தம் இறங்காமல் நிற்கும். இதைப் பழகிக்கொண்டே முதலில் படத்தில், பிறகு நேரில் என்று ரத்தத்தைப் பார்க்கப் பழக வேண்டும். உளவியல் நிபுணரிடம் போனால் முறையாகச் சொல்லித் தருவார். அறுவை அரங்கில் முதல் நாளே கீழே விழுந்து, அப்புறம் அதே அரங்கில் கத்தி பிடித்தவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு முறை படித்தேன். மதிப்பெண் இருக்கிறது, வீடு இருக்கிறது, அப்பா, சேவை, ரத்தம் எல்லாம் இருக்கிறது. ‘நோயாளி’ என்ற சொல்லைத் தேடினேன், இல்லை.

சார்லஸ் டார்வின் 16 வயதில், 1825-இல், எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். அனுப்பியவர் அப்பா ராபர்ட். அவரும் டாக்டர், தாத்தாவும் டாக்டர். மயக்க மருந்து வருவதற்கு 20 வருடம் முந்தைய காலம். இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போனார் டார்வின். அதில் ஒன்று குழந்தைக்கு. இரண்டிலுமே பாதியில் எழுந்து ஓடிவந்தார். 1827-இல் படிப்பையே விட்டுவிட்டார். இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதைதான்.

அந்த அப்பாவைப் பற்றி டார்வினே எழுதிவைத்திருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ராபர்ட்டுக்கும் ரத்தம் ஆகாது. அறுவை என்று நினைத்தாலே கடைசிவரை அவருக்குக் குமட்டும். அப்படிப்பட்டவர் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 60 வருடம் பெயர்போன டாக்டராக இருந்தார்! காரணம் அவருடைய காது. உடம்பு சரியில்லை என்று எதையோ பட்டும்படாமல் சொல்லத் தொடங்குகிறவரைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே அவருக்குப் புரிந்துவிடும், நோவு உடம்பில் இல்லை என்று. மனசில் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே என்று மெல்லக் கேட்பார். வந்தவர் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்.

ஆனால் இதே மனிதர், தன் தொழிலை ஆரம்பத்தில் வெறுத்ததாகவும், சொற்ப வருமானத்துக்கு வேறு வழி இருந்திருந்தாலோ தன் அப்பா தன்னைக் கேட்டிருந்தாலோ இதற்கு வந்தே இருக்க மாட்டேன் என்றும் மகனிடம் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர்தான் மூத்த மகனையும் இளைய மகனையும் மருத்துவம் படிக்க அனுப்பினார். அப்பாக்களை என்ன சொல்வது!

அப்பாவும் மகனும் பயந்தது ஒரே ரத்தத்துக்குத்தான். ஒருவர் 60 வருடம் நின்றார், இன்னொருவர் இரண்டே வருடத்தில் கிளம்பிவிட்டார். அதனால் ரத்தத்தை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது. வேறு மூன்று விஷயங்களை நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

டாக்டரின் நாளில் பெரும்பகுதி சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. இவற்றில் பல முழுதாகக் குணமாவதில்லை, வருடக்கணக்காகக் கூடவே வரும். காலையிலிருந்து நாற்பதாவது ஆளாக ஒருவர் உள்ளே வந்து, போன மாதம் சொன்னதையே முதலிலிருந்து சொல்வார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார், போட்டேன் என்பார். அவர்மேல் எரிச்சல் வருமா, ஏன் போடவில்லை என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வருமா? உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு இதில் தனிச் சலுகை கிடையாது. (ஆளைப் பார்ப்பதைவிட நோயைப் பார்ப்பதுதான் பிடிக்கும் என்றால் திசுக்களைச் சோதித்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் கதிரியல் மாதிரித் துறைகள் உண்டு. அங்கே போய்ச் சேரவும் வார்டு வழியாகத்தான் போக வேண்டும்.)

அடுத்தது காலம். அடிப்படைப் பட்டத்துக்குப் பல நாடுகளில் 5, 6 வருடம். சிறப்புப் பிரிவுக்கு அதற்கு மேலும் பல வருடங்கள். உங்கள் தோழிகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் நீங்கள் தேர்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களின் வேலைக்கு 2003-இல் ஒரு வரம்பு வைத்தார்கள். வாரத்துக்கு 80 மணி நேரம். அது குறைத்த பிறகு வந்த கணக்கு!

மூன்றாவது, தவறு. எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் ஒருநாள் ஒன்றைக் கவனிக்காமல் விடுவார். அன்றிரவு தூங்கி எழுந்து மறுநாள் காலை அடுத்த நோயாளிக்கு முழு மனதோடு காது கொடுக்க வேண்டும். இது உங்களால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போது தெரியாது, அதில் தப்பில்லை.

சேவை என்று எழுதியிருக்கிறீர்கள். செவிலியர் செய்வதும் சேவைதான், இயன்முறை சிகிச்சை செய்கிறவர் செய்வதும் சேவைதான். அவற்றை யோசித்தீர்களா? இல்லையென்றால் உங்களை இழுப்பது சேவை மட்டுமில்லை. பட்டமும் மரியாதையும் வேண்டும் என்று நினைப்பது குற்றமில்லை, அதை ஒத்துக்கொண்டு யோசியுங்கள்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அறுவை அரங்கு பக்கமே போக வேண்டாம். முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ தன்னார்வலராக 2 வாரம் இருங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, பேச்சுத் துணைக்கு உட்காருவது, அவ்வளவுதான். பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் யாராவது அங்கே அகப்பட்டால், தொழில் எப்படி என்று கேட்காதீர்கள், உபதேசம்தான் கிடைக்கும். நேற்று காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

முடித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். மதிப்பெண், அப்பா, ரத்தம் எதுவும் வேண்டாம். அங்கே பார்த்தவர்களில் யாராவது ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், போதும்.